ஹைப்போடெனியூஸ்: ஒரு கணிதச் சொல்லின் பிறப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். படிவம் 1 புத்தகத்தின் கடைசிப் பாடம் பித்தாகரஸ் தேற்றம். அதுவரை வாய் திறக்காத பிள்ளைகூட அந்தப் பாடத்தில் ஒரு கேள்வி கேட்டுவிடும்: "டீச்சர், ஹைப்போடெனியூஸ்னா என்ன அர்த்தம்?" செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே நிற்கும் பக்கத்தின் பெயர் அது. அப்புறம் பெற்றோர் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்பார்கள். கேட்டவற்றையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

ஹைப்போடெனியூஸ் எந்த மொழிச் சொல்?

பிறந்தது கிரேக்கத்தில். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கிரேக்கத்தில் 'ஹுப்போ' என்றால் கீழே. 'தெய்னெய்ன்' என்றால் இழு, நீட்டு. இரண்டும் சேர்ந்த வினையிலிருந்து வந்தது 'ஹுப்போதெய்னூசா': கீழே நீண்டு நிற்பது. லத்தீன்காரர்கள் அதை மொழிபெயர்க்காமல் அப்படியே 'ஹிப்போதெனூசா' என்று எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலக் கணித நூல்களில் 1570-களில் தலைகாட்டுகிறது. பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் நூல் முதன்முதலில் ஆங்கிலத்தில் அச்சானது 1570-இல், அதே காலம்தான்.

அதென்ன "கீழே"? புத்தகத்தில் அந்தக் கோடு மேலேதானே சாய்ந்து கிடக்கிறது?

நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் செங்கோணம் பெரும்பாலும் இடதுபக்கக் கீழ்மூலையில் இருக்கும். அதனால் ஹைப்போடெனியூஸ் மேலே சரிந்து தெரியும். யூக்ளிட் வரைந்த படம் அப்படி இல்லை. அவருடைய முதல் புத்தகத்தின் 47-ஆம் கூற்றுதான் நாம் பித்தாகரஸ் தேற்றம் என்று சொல்வது. அந்தப் படத்தில் செங்கோணம் உச்சியில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே, தரைபோலப் படுத்துக் கிடக்கிறது ஹைப்போடெனியூஸ். அதன்மேல் வரைந்த பெரிய சதுரம் அதற்கும் கீழே தொங்குகிறது. மற்ற இரண்டு பக்கங்களின் சதுரங்கள் இரு தோள்களிலும் ஏறி நிற்கின்றன. அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தால் "கீழே நீண்டு நிற்பது" என்ற பெயர் தானாக விளங்கிவிடும்.

ஆனால் 'கீழே' என்பதைத் திசையாக எடுத்துக்கொண்டால் வம்பு. ஒரு கோணத்தின் வாய் எந்தப் பக்கம் திறக்கிறதோ, அந்தப் பக்கத்தில் அதை அடைத்து நிற்பது என்றுதான் பொருள். காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் அந்தக் கோடு அந்தக் கோணத்துக்கு எதிரேதான் நிற்கும்.

பினாங்குப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1985-இல் திறந்த முதல் பாலம், 13.5 கிலோமீட்டர். கப்பல் போகும் நடுப்பகுதியில் 225 மீட்டர் அகலத்துக்குத் தூணே கிடையாது. உயர்ந்த கோபுரங்களிலிருந்து இறங்கும் கம்பிவடங்கள்தாம் பாதையைத் தூக்கிப் பிடிக்கின்றன. கோபுரம் ஒரு பக்கம், பாதை ஒரு பக்கம், இரண்டும் சேரும் இடத்தில் செங்கோணம். வடம்? விறைப்பாக இழுத்துக் கட்டிய ஹைப்போடெனியூஸ். அது பாதைக்கு மேலேதான் இருக்கிறது. ஆனாலும் கிரேக்கக் கணக்கில் அது செங்கோணத்துக்குக் 'கீழே' இழுபட்டு நிற்பதுதான். எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும்போது பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் "சாய்ந்த கோடு" என்று சொல்லிக்கொடுப்பது தப்பா?

என்னைக் கேட்டால், தப்புத்தான். முக்கோணத்தைக் கொஞ்சம் திருப்பி வரைந்தால் மூன்று பக்கமும் சாய்ந்துவிடும். அல்லது யூக்ளிட் படம்போல ஹைப்போடெனியூஸ் மட்டும் நேராகப் படுத்துக்கொள்ளும், மற்ற இரண்டும் சாய்ந்துவிடும். "சாய்ந்தது எது" என்று தேடும் பிள்ளை அங்கே மாட்டிக்கொள்கிறது. "மிக நீளமான பக்கம்" என்பது உண்மைதான், ஆனால் செங்கோணமே இல்லாத முக்கோணத்திலும் நீளமான பக்கம் ஒன்று இருக்கும். அதை ஹைப்போடெனியூஸ் என்று சொல்ல முடியாது. சொல்லின் பொருளையே சொல்லிக்கொடுங்கள்: முதலில் செங்கோணத்தைக் கண்டுபிடி, அதற்கு எதிரே நிற்பது எதுவோ அதுதான். சோதனையில் இந்த இடத்தில் போகும் மதிப்பெண்கள் அதோடு நிற்கும்.

அசல் கிரேக்க வாக்கியம் என்ன?

அந்த 47-ஆம் கூற்றில் யூக்ளிட் வெறும் ஒரு சொல்லாக எழுதிவிட்டுப் போகவில்லை. "செங்கோணத்தின் கீழ் நீண்டு நிற்கும் பக்கம்" என்று முழுசாகத்தான் சொல்கிறார். 'பக்கம்' என்பதற்கான கிரேக்கச் சொல் பெண்பால். அதனால் 'ஹுப்போதெய்னூசா'வும் பெண்பால் விகுதியோடு நிற்கிறது. நாளடைவில் 'செங்கோணம்' உதிர்ந்தது, 'பக்கம்' உதிர்ந்தது, வினை மட்டும் பெயராக நின்றுவிட்டது. தமிழ் இலக்கணத்தில் வினையாலணையும் பெயர் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 'வந்தவர்' என்றால் வந்த ஆள். அதுபோல இது 'நீண்டு நிற்பது'.

யூக்ளிடுக்கு முன்பே கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோ தமது டிமேயஸ் உரையாடலில் முக்கோணங்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். ஆகவே சொல்லைப் படைத்தவர் யூக்ளிட் என்று சொல்லக்கூடாது.

டாக்டர் சொல்லும் ஹைப்போடென்ஷனும் இதுவும் ஒன்றா?

ஏறக்குறைய ஒன்றுதான். 'டென்ஷன்' என்பது லத்தீன் 'தெந்தெரே'யிலிருந்து வந்தது, இழுத்தல் என்று பொருள். அதற்கும் கிரேக்கத் 'தெய்னெய்ன்'னுக்கும் வேர் ஒன்றே. ஹைப்போடென்ஷன் என்றால் அழுத்தம் கீழே, அதாவது லோ பிரஷர். ஹைப்பர்டென்ஷன் என்றால் மேலே. ஹைப்பர்டென்ஷனை மலாய்க்காரர்கள் 'டாரா திங்கி' என்பார்கள். தலை கிரேக்கம், உடம்பு லத்தீன் என்று ஒட்டுப்போட்ட மருத்துவச் சொற்கள் இவை.

இதே வேரில் இன்னும் நிறைய உண்டு. கூடாரத்தைக் குறிக்கும் டென்ட், தசைநார் என்னும் டெண்டன், உடம்பு விறைத்துப்போகும் டெட்டனஸ் எல்லாம் இழுத்தல், விறைத்தல் என்ற கருத்திலிருந்து வந்தவை. கணிதத்திலேயே 'சப்டென்ட்' என்று ஒரு சொல் உண்டு; ஒரு வட்டவில் மையத்தில் இவ்வளவு கோணத்தைத் தாங்குகிறது என்று சொல்லும் இடத்தில் வரும். 'சப்' லத்தீனில் கீழே, 'டென்ட்' இழு. ஹைப்போடெனியூஸை லத்தீனில் அச்சுப்பிசகாமல் மொழிபெயர்த்தால் கிடைப்பது அதுதான்.

தமிழோடு ஏதாவது உறவு உண்டா?

நேரடி உறவு இல்லை, சமஸ்கிருதம் வழியாக உண்டு. 'இழு' என்ற அந்த வேர் சமஸ்கிருதத்தில் 'தன்' என்று இருக்கிறது. அதிலிருந்து 'தந்த்ரீ', நம் வாயில் தந்தி. வீணைத் தந்தியும் அந்தக் காலத்தில் தபால்காரர் கொண்டுவந்த தந்தியும் இழுத்துக் கட்டிய கம்பியால் பெயர் பெற்றவை. 'ஹுப்போ'வுக்கும் சமஸ்கிருத உறவு 'உப'. உபதலைவர், உபநதி என்று சொல்கிறோமே, அந்த உப. 'ஹைப்பர்' என்பதன் உறவு 'உபரி'. ஆக, உபரி வருமானத்தில் இருப்பதும் ஹைப்பர்மார்க்கெட்டில் இருப்பதும் தொலைதூரச் சொந்தக்காரர்கள்.

ஒலி ஒத்துப்போவதால் உறவு என்று முடிவுகட்டிவிட முடியாது. 'கோணம்' என்பதும் கிரேக்கத்தில் கோணத்தைக் குறிக்கும் 'கோனியா'வும் ஒன்றுதானே என்று அடிக்கடி கேட்கிறார்கள். தமிழில் கோணு, கோணல், கோணலாக நிற்பது என்று வளைவைக் குறிக்கும் சொற்குடும்பமே இருக்கிறது. கிரேக்கக் 'கோனியா'வுக்கு அந்த மொழியில் முழங்காலைக் குறிக்கும் சொல்தான் கூடப்பிறந்தது. சமஸ்கிருத 'ஜானு'வும் அதே குடும்பம். இரண்டு வீட்டிலும் தனித்தனியே வம்சாவளி இருக்கும்போது, பெயர் ஒலிக்கிற விதத்தை மட்டும் பார்த்துச் சம்பந்தம் பேசக்கூடாது.

நீர்யானை ஹிப்போவுக்கும் இதற்கும்?

ஒன்றுமில்லை. அந்த 'ஹிப்போ' கிரேக்கத்தில் குதிரை. ஹிப்போபொட்டமஸ் என்றால் ஆற்றுக் குதிரை. ஆங்கில எழுத்துக்கூட்டலில் வேறுபாடு தெரியும். மலாயில் ஹிப்போதெனுஸ், ஹிப்போதேசிஸ், ஹிப்போபோதாமுஸ் மூன்றும் ஒரே மாதிரி தொடங்குவதால் மலாயில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு.

எகிப்தியர்கள் முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்ததால்தான் "இழுப்பது" என்று பெயர் வந்ததாமே?

கேட்க நன்றாக இருக்கிறது. எகிப்தில் கயிறு பிடித்து நிலம் அளந்தவர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. கிரேக்கர்கள் அவர்களை 'ஹார்ப்பெதொனாப்தாய்', கயிறு கட்டுவோர் என்று அழைத்தார்கள். ஆனால் அவர்கள் 12 முடிச்சுக் கயிற்றை 3, 4, 5 என்று மடக்கிச் செங்கோணம் எடுத்தார்கள் என்பது 19-ஆம் நூற்றாண்டில் மோரிட்ஸ் காண்டோர் என்ற ஜெர்மன் கணித வரலாற்றாசிரியர் சொன்ன ஊகம். எகிப்திய ஏடு எதுவும் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. பெயர் கயிற்றிலிருந்து வந்தது என்பதற்கும் சாட்சியில்லை. கிரேக்கத்தில் கோடு 'நீள்வது' என்று சொல்வது சாதாரண வழக்கு.

கயிறு வேண்டுமென்றால் இந்தியப் பக்கம் திரும்புங்கள். வேள்வி மேடை கட்ட எழுதிய சுல்ப சூத்திரங்களில் 'சுல்பம்' என்றாலே கயிறு. பௌதாயனருடைய சூத்திரத்தில், செவ்வகத்தின் குறுக்கே பிடித்த கயிறு உண்டாக்கும் சதுரம், நீளமும் அகலமும் தனித்தனியே உண்டாக்கும் சதுரங்களின் கூட்டுத்தொகை என்று பளிச்சென்று இருக்கிறது. யூக்ளிடுக்கு முந்தியது.

இந்த ஊரில் வீட்டுக்குப் பின்னால் சமையற்கட்டை நீட்டிக் கட்டும்போது பார்த்திருப்பீர்கள். மூலைமட்டம் பெரிய இடத்துக்குப் போதாது. ஒரு சுவர்க்கோட்டில் 3 அடி அளந்து ஆணி, மறு கோட்டில் 4 அடி அளந்து ஆணி. இரண்டு ஆணிக்கும் நடுவே டேப்பைப் பிடித்தால் 5 அடி வரவேண்டும். 5-க்கு அரை அங்குலம் கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது. ஆணியைத் தள்ளி அடித்துவிட்டு மறுபடி பிடிப்பார்கள்.

பழைய ஆங்கிலப் புத்தகத்தில் நடுவில் கூடுதலாக ஒரு 'எச்' இருக்கிறது. அச்சுப்பிழையா?

இல்லை, நூற்றாண்டுக் கணக்கில் பலர் அப்படித்தான் எழுதினார்கள். ஹைப்பாதிசிஸ் என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டதுதான் காரணம். அங்கே வேர் வேறு, 'வை' என்று பொருள்படும் வினை. இங்கே 'இழு'. இப்போது அந்த எச் இல்லாததுதான் சரியான எழுத்துக்கூட்டல்.

எப்படி உச்சரிப்பது?

ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாவது அசையில்: ஹை-பா-ட்ட-னியூஸ். 'ஹைப்போ', 'டெனியூஸ்' என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வது நம் வழக்கம். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்கிறேன். வேர் காதில் விழுகிறது.

தமிழில் என்ன சொல்ல வேண்டும்? கர்ணமா, செம்பக்கமா?

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கர்ணம். இலங்கைப் பாடநூல்களில் செம்பக்கம். கர்ணம் சமஸ்கிருதச் சொல், நேர்ப்பொருள் காது. வடிவியலில் மூலைவிட்டத்துக்கும் இதையே சொல்வார்கள். 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் முக்கோணத்தின் பக்கங்கள் புஜம், கோடி, கர்ணம். ஊர்க் கணக்குப்பிள்ளையைக் கர்ணம் என்று சொன்னதும், குட்டிக்கரணமும் வேறு சொல், வேறு கதை. மகாபாரதக் கர்ணனுக்கும் காதுக்கும் சம்பந்தம் உண்டு, முக்கோணத்தோடு இல்லை. (இதையும் ஒரு பிள்ளை கேட்டது.)

செம்பக்கம் எனக்குப் பிடிக்கும். செங்கோணத்தின் 'செம்' அதிலேயே இருப்பதால் எந்தக் கோணத்துக்கு எதிரே என்று யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் மலேசியாவில் பிள்ளைகள் இந்தப் பாடத்தைத் தமிழில் படிப்பதில்லை. வீட்டில் பேசும்போது எது வாய்க்கு வருகிறதோ அதைச் சொல்லுங்கள், சண்டை வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் சுவாரசியம். அரபியில் ஹைப்போடெனியூஸுக்குப் பெயர் 'வதர்': வில்லின் நாண். பழைய சீனக் கணிதத்தில் செங்கோண முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் கௌ, கு, ஷியென். அந்த 'ஷியென்' என்பதும் நாண்தான். கிரேக்கர் 'இழுபட்டது' என்றார்கள், அரபியரும் சீனரும் 'நாண்' என்றார்கள், சுல்ப சூத்திரக்காரர் 'கயிறு' என்றார். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு முனைகளுக்கு நடுவே விறைப்பாக நிற்பதைப் பார்த்தால் எவருக்கும் அதுதான் தோன்றும்.

பித்தாகரஸுக்கு முன்பே வர்க்கமூலம் இல்லாமல் கர்ணம் காணும் தமிழ்ப்பாட்டு இருக்கிறதாமே?

புலனத்தில் ஆண்டுதோறும் சுற்றிவரும் செய்தி. போதையனார் என்ற பெயரில் நாலு வரி. எந்த நூல், எந்த ஏடு என்று கேட்டால் அனுப்பியவரிடம் பதில் இருக்காது. பௌதாயனர் பெயரை நினைவூட்டும் பெயர் வேறு. சரி, பெருமையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம், அதில் ரசிக்க நிறைய இருக்கிறது.

பாட்டு சொல்லும் முறை: ஓடும் நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, அதோடு உயரத்தில் பாதியைச் சேர், கர்ணம் வந்துவிடும். நீளம் 4, உயரம் 3 என்றால் 3.5 + 1.5 = 5. சரி. நீளம் 12, உயரம் 5 என்றால் 10.5 + 2.5 = 13. இதுவும் சரி. செய்தியில் இந்த இரண்டு உதாரணங்கள்தாம் இருக்கும். காரணம் இருக்கிறது. இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்திச் சமன்பாட்டைத் தீர்த்தால், நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3 ஆக இருக்கவேண்டும், அல்லது 12:5 ஆக இருக்கவேண்டும் என்று இரண்டே விடைகள் வருகின்றன. வேறு எந்த முக்கோணத்துக்கும் இந்த முறை துல்லியமாக ஒத்துவராது! படிவம் 4 பிள்ளைகளுக்கு இருபடிச் சமன்பாட்டுப் பயிற்சியாகக் கொடுக்கலாம்.

15-உம் 8-உம் போட்டால் 17.125, சரியான விடை 17. இரண்டு பக்கமும் 1 என்றால் 1.375, சரியான விடை 1.414. 3-ஐ நீளமாகவும் 4-ஐ உயரமாகவும் மாற்றிப்போட்டால் 4.625 வரும், ஆகவே பெரிய பக்கத்தைத்தான் 'ஓடும் நீளம்' என்று எடுக்கவேண்டும். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் மாதிரி 10 அடி நீளம், 1 அடி உயரம் என்றால் கூத்து: 8.75 + 0.5 = 9.25. கர்ணம் தரையைவிடக் குட்டை! அப்படி ஒரு முக்கோணம் உலகத்தில் கிடையாது.

ஆனால் இதைக் குப்பை என்றும் தள்ளமாட்டேன். விகிதம் 4:3-க்கும் 12:5-க்கும் நடுவில் இருந்தால் பிழை நூற்றுக்கு ஒன்றுகூட வராது. நம் தொலைக்காட்சித் திரை 16:9. கடையில் 55 இன்ச் என்று சொல்வது கர்ணத்தைத்தான். அகலம் ஏறக்குறைய 48, உயரம் 27. பாட்டுப்படி 42 + 13.5 = 55.5. மனக்கணக்குக்கு இது போதாதா? பெரியதில் ஒரு பங்கு, சிறியதில் ஒரு பங்கு கூட்டி வர்க்கமூலத்தைத் தவிர்க்கும் இதே உத்தியை மின்னணுச் சமிக்ஞைக் கணக்குகளில் பொறியாளர்கள் இன்றும் கையாள்கிறார்கள். நல்ல தோராயம், தேற்றம் அல்ல. பித்தாகரஸை இது வெல்லவுமில்லை, வெல்ல வேண்டிய தேவையுமில்லை.

ஹைப்போடெனியூஸுக்குப் பெயர் இருக்கிறது. மற்ற இரண்டு பக்கங்களுக்கு?

உண்டு, 'கேத்தட்டஸ்'. கிரேக்கத்தில் 'கீழே விடப்பட்டது', அதாவது செங்குத்தாக இறக்கிய கோடு. ஆங்கில வகுப்பறையில் இப்போது யாரும் சொல்வதில்லை, 'லெக்' என்று முடித்துவிடுவார்கள். ஆனால் மருத்துவமனையில் அதன் உறவுக்காரரைச் சந்தித்திருப்பீர்கள்: கேத்தீட்டர், உள்ளே இறக்கும் குழாய்.

ரைட் ஆங்கிள் இருக்கிறதே, லெஃப்ட் ஆங்கிள் உண்டா?

கிடையாது. இங்கே 'ரைட்' வலது அல்ல. லத்தீனில் 'ஆங்குலுஸ் ரெக்துஸ்', நேரான கோணம்; அது கிரேக்கத்தில் நிமிர்ந்த கோணம் என்பதன் மொழிபெயர்ப்பு. மலாய் 'சூடுட் தெகாக்' அப்படியே நிமிர்ந்த கோணம்தான். நம் செங்கோணத்தில் உள்ள செம்மையும் நேர்மைதான், சிவப்பு இல்லை.

ஐசோசெலிஸ் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. எப்படி நினைவில் வைப்பது?

மலாய் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். கிரேக்கத்தில் 'ஐசோஸ்' சமம், 'ஸ்கெலோஸ்' கால். மலாயில் 'சாமா காக்கி': சமமான கால். பெயர் விளங்கிவிட்டது.

சைன், கொசைன் எல்லாம் கிரேக்கமா லத்தீனா?

சைன் லத்தீன் உடுப்பில் இருக்கும் இந்தியச் சொல். படிவம் 3-இல் எதிர்ப்பக்கத்தை ஹைப்போடெனியூஸால் வகுத்து சைன் காணும்போது, கிரேக்கப் பெயரும் இந்தியப் பெயரும் ஒரே வரியில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

வட்டத்தில் வரையும் நாணுக்குச் சமஸ்கிருதத்தில் 'ஜ்யா' அல்லது 'ஜீவா'. வில்லின் நாண் என்றுதான் பொருள். 499-இல் ஆரியபடர் அரை நாணின் அளவுகளைப் பட்டியல் போட்டார். அந்தக் கணிதம் அரபியருக்குப் போனபோது ஜீவா 'ஜிபா' ஆயிற்று. அரபியில் அதற்குத் தனிப் பொருள் கிடையாது, ஒலியை மட்டும் எழுதிக்கொண்டார்கள். அரபி எழுத்தில் குறில் உயிர்களைக் குறிப்பதில்லை. பின்னால் வந்தவர்கள் அதைத் தங்களுக்குத் தெரிந்த 'ஜைப்' என்று படித்துவிட்டார்கள். ஜைப் என்றால் சட்டையின் மடிப்பு, மார்புப் பக்கம், பை. 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குக் கொண்டுபோனவர்கள் மடிப்பு என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு 'சைனுஸ்' என்று போட்டுவிட்டார்கள். வில்லின் நாண் சட்டை மடிப்பாகப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

அந்த 'ஜைப்' உருது வழியாக நமக்கும் வந்திருக்கிறது. சட்டை ஜேப்பு. ஜேப்படித் திருடன். லிட்டில் இந்தியாவில் தீபாவளிக் கூட்டத்தில் பர்ஸைப் பறிகொடுத்தவர் சொல்லும் சொல்லும், பிள்ளையின் கால்குலேட்டரில் இருக்கும் சைன் பொத்தானும் ஒரே வீட்டு விவகாரம்.

கொசைன் என்பது 'நிரப்புக் கோணத்தின் சைன்' என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். டேஞ்சன்ட் லத்தீனில் தொடுவது, சீக்கன்ட் வெட்டுவது. இரண்டு பெயரையும் 1583-இல் தாமஸ் ஃபிங்கே தமது நூலில் போட்டார். ட்ரிகோனோமெட்ரி என்ற பெயர் 1595-இல் பிட்டிஸ்கஸ் எழுதிய நூலின் தலைப்பில் வந்தது: முக்கோண அளவியல்.

எஸ்பிஎம் தேர்வில் எந்தப் பெயரை எழுதுவது?

எஸ்பிஎம் (மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) கணிதத் தாள் மலாய், ஆங்கிலம் இரண்டிலும் அச்சாகி வரும். எந்த மொழியில் வேண்டுமானாலும் பதில் எழுதலாம். மலாயில் எழுதினால் ஹிப்போதெனுஸ், ஆங்கிலத்தில் எழுதினால் ஹைப்போடெனியூஸ். பள்ளியில் டிஎல்பி (இருமொழித் திட்டம்) வகுப்பில் ஆங்கிலத்தில் படித்த பிள்ளை டியூஷனில் மலாயில் கேட்டால் தடுமாறும், எனவே இரண்டு எழுத்துக்கூட்டலையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் 'ஒய்' வரும், மலாயில் 'ஐ' வரும். ஆங்கிலத்தில் கடைசியில் 'இ' உண்டு, மலாயில் இல்லை.